மாதேரிக் குளம் கொடுத்த மனு

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மாதேரிக் குளம் கலெக்டர் ஆபீசுக்கு வந்து, முதியோர் பென்ஷன் கேட்டு வந்திருந்த ஒரு அம்மாளுக்குப் பின்னால், மக்கள் குறைதீர்க்கும் நாள் வரிசையில் நின்றது. நூற்றுப்பன்னிரண்டு ஏக்கர் குளம் வரிசையில் எப்படி நிற்கும் என்று கேட்கிறவர்கள் அந்த வரிசையில் ஒருநாளும் நின்றதில்லை என்று அர்த்தம். எவ்வளவு பெரிய கஷ்டத்தைச் சுமந்து வந்தாலும் அங்கே ஓராள் நிற்கிற இடத்துக்குள் தன்னை மடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், கூட்டமாக வந்து மனு கொடுக்கத் தடை என்று வாசலிலேயே போர்டு இருக்கிறது. குளமும் போர்டுக்கு மரியாதை கொடுத்து, கரைகளை ஊரிலேயே விட்டுவிட்டு, ஓராள் உயரத்துக்கும் ஓராள் அகலத்துக்கும் தன்னைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தது. வந்த வழியெல்லாம் தார் ரோட்டில் நுரை. அன்றைக்கு அதன் நிறம் கத்திரிப்பூ நிறம். மாதேரியின் நாற்பத்தொரு சாயப்பட்டறைகளுக்கும் அந்த மாதம் வெளிநாட்டிலிருந்து கத்திரிப்பூ நிறத்துக்குத்தான் ஆர்டர் வந்திருந்தது என்பதால் யாரும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

வாசலில் மண்ணெண்ணெய் சோதனை நடந்துகொண்டிருந்தது. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர்கள் யாராவது விபரீதமாக ஏதாவது செய்துவிட்டால் அதிகாரிகள் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்குமே என்ற கவலையில், வருகிறவர்களின் பைகளையும் பாட்டில்களையும் முகர்ந்து பார்த்து அனுப்புவது அங்கே வழக்கம். பெண் போலீஸ் ஒருத்தி குளத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, முந்தாநாள் சாப்பிட்டது வரைக்கும் தொண்டைக்கு வர, இன்ஸ்பெக்டரிடம் ஓடினாள்.

"சார், அதுக்குள்ள என்னென்னமோ இருக்குதுங்க சார். மண்ணெண்ணெய் மட்டுந்தானுங்க இல்ல."

"அப்புறமென்ன? உள்ள விடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆனால் டோக்கன் கொடுக்கிறவர் மனுவைக் கேட்டார். குளத்திடம் எழுதிய மனு எதுவும் இல்லை. எழுத்து மூலமாக இல்லாத கஷ்டம் கஷ்டமே ஆகாது என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொல்லி, வெளியே வேப்பமரத்தைக் கைகாட்டினார்.

வேப்பமரத்தடியில் ஒரு பலகையும் ஒரு மைப்பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சென்னியப்பன். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதே மரம், அதே பலகை. அவர் எழுதிய மனு தள்ளுபடியாகித் திரும்பி வந்ததே இல்லை என்று ஜில்லாவில் பேர். அந்தப் பேரின் ரகசியம் ரொம்பச் சின்னது: வருகிறவர்கள் கேட்பதை அவர் அப்படியே எழுதமாட்டார். ரெண்டு ஏக்கருக்குப் பட்டா வேண்டும் என்றால் ஒரு ஏக்கருக்கு எழுதுவார். வாசல் வரைக்கும் ரோடு வேண்டும் என்றால் பாதி வழிக்கு எழுதுவார். முழுசாகக் கேட்டால் அதிகாரிக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் ஃபைல் தூங்கும் என்பது அவர் கணக்கு. கடைசியில், மறக்காமல், "விதிகளுக்கும் வரம்புக்கும் உட்பட்டு ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்தால் எந்த அதிகாரிக்கும் மனசு குளிர்ந்துவிடும், ஏனென்றால் ஒன்றும் செய்யாமலிருப்பதும் அதற்குள் அடங்கும்.

குளம் வந்து எதிரே நின்றபோது சென்னியப்பன் எழுந்தே நின்றுவிட்டார். பயத்தினால் அல்ல. அவர் வீடு அந்தக் குளத்தின் தென்கரையில்தான் இருந்தது. அவர் வீட்டுக் கிணறு அந்தக் குளத்தின் ஊற்றைத்தான் குடித்து வளர்ந்தது. இப்போது கிணற்றில் வாளி விட்டால் வெளிநாட்டில் என்ன நிறம் விற்கிறது என்று தெரியும். அதைவிடப் பெரிய வேதனை ஒன்று மூன்று வாரமாக அவர் நெஞ்சில் கிடந்தது. ஒரே மகள் மேகலாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய பெண். அணைமேட்டில் இருக்கிற சம்பந்தியம்மா நாச்சம்மாள் ஒரே போன் பேச்சில் அதை முடித்துவிட்டார்: "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி, உங்க ஊட்டுத் தண்ணியில எங்க புள்ள மொகங்கூடக் கழுவக் கூடாதுங்க. குளஞ் சரியாகட்டும், அப்புறம் அனுப்பறேன்." அன்றிலிருந்து சென்னியப்பனின் மனைவி மயிலாத்தாள், மகளுக்கென்று துவைத்து மடித்து வைத்த பழைய பருத்திச் சேலைகளைத் தினமும் பிரித்து, தினமும் மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றார் சென்னியப்பன் குளத்திடம். "உக்காருங்க."

குளம் உட்கார்ந்தது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்களுக்காகவே இருபத்திரண்டு வருடம் எழுதினவருக்கு அது ஒன்றும் கஷ்டமான ஆள் இல்லை. முதலில் அது ஒரு செத்த கெண்டையைப் பலகைமேல் வைத்தது. பிறகு ஒரு கை நுரை. பிறகு சாயத்தில் வெந்து தோல் உரிந்த ஒரு தவளை. எல்லாவற்றுக்கும் பிறகு, எங்கேயோ அடியாழத்தில் இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் காப்பாற்றி வைத்திருந்த ஒரு கரண்டி தெளிந்த தண்ணீரை எடுத்து, ரொம்பப் பதனமாக, அவர் டம்ளரில் ஊற்றிக் காட்டிவிட்டு, மறுபடியும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டது. சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னுள் எதையும் விடக் கூடாது, எதையும் என்றால் ஒரு சொட்டுக்கூட, என்பதுதான் அது கேட்டது. அவருக்கு அது நன்றாகவே புரிந்தது.

புரிந்தும் என்ன பிரயோஜனம். கை என்று ஒன்று இருக்கிறதே, அது இருபத்திரண்டு வருடம் பழகிய கை. ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது என்று எழுதினால் நாற்பத்தொரு முதலாளிகளும் சண்டைக்கு வருவார்கள், அதிகாரி முகம் சுளிப்பார், பிரசவத்துக்கு இரண்டே மாதம் இருக்கிறது என்று அது தானாகவே யோசித்து, "என்னுள் விடப்படும் சாயக்கழிவு வரம்புக்கு உட்பட்டு இருக்குமாறு ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று எழுதியது. "வரம்புக்கு உட்பட்டு" என்ற இடத்தில் மை கரைந்து ஓடியது. ஈரக் காகிதம் என்று நினைத்து அவர் மேலேயே மறுபடி எழுதினார். மறுபடியும் ஓடியது. குளம் சும்மா எதிரே உட்கார்ந்திருந்தது. மூன்றாம் தடவை சென்னியப்பன், குளத்துக்கு எழுதுவதென்றால் இந்தத் தொந்தரவெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று சலித்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் பால்பாயிண்ட் பேனா இரவல் வாங்கி, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதி, காய்வதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

டோக்கன் எண் எண்பத்தேழு. மனு உள்ளே போனது. குளம் வீட்டுக்குப் போகாமல் வேப்பமரத்தடியிலேயே தங்கிவிட்டது.

இரண்டு நாளில் எல்லாருக்கும் பழகிவிட்டது. டீக்கடைக்காரர் குளத்தைச் சுற்றி நாலு பெஞ்சு போட்டார். "கொளத்துக்குப் பொறகால நாந்தேன்" என்று வரிசையில் இடம் சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போனார்கள். பென்ஷன் அம்மாள் மட்டும், "கொஞ்சம் தள்ளி நில்லு சாமி, சீலையெல்லாம் கத்திரிப்பூவாகுது" என்று உரிமையோடு அதட்டுவாள். முகவரிச் சான்று கேட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் மாதேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, மேற்படி குளம் மேற்படி முகவரியில் இல்லை என்று சான்று கொடுத்தார், அது இங்கே வந்து உட்கார்ந்திருந்தால் அங்கே எப்படி இருக்கும். காலியான குளத்தில் மூன்றாம் நாளே கல் நட்டுவிட்டார்கள். "லேக் வியூ கார்டன், ஏரிக்கரைக் காற்றோடு வீட்டு மனைகள்" என்று போர்டு வைத்தார்கள். ஏரி எங்கே என்று மனை பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கு, "வெளிய போயிருக்குதுங்க, வந்துரும்" என்று பதில் சொன்னார்கள். உண்மையில் திண்டாடியவர்கள் பட்டறைக்காரர்கள்தான்: இத்தனை நாள் கழிவைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போகவே, கழிவு அவரவர் பட்டறை வாசலில், அவரவர் கார் நிற்கிற இடத்தில், தளும்பி நின்றது. பட்டறைக்காரர்கள் சங்கத் தலைவர் தீர்த்தகிரி வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஊரில் பொறுப்பே இல்லாமல் போய்விட்டது என்று பேட்டி கொடுத்தார்.

பதினோராம் நாள் உத்தரவு வந்தது. சென்னியப்பன் எழுதிய மனுக்களிலேயே இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது வேறு இல்லை. நீர்த்தர வரம்பு அலுவலகத்தின் அதிகாரி அறவாழி, இஸ்திரி மடிப்புக் கலையாத ஆள், தானே இறங்கி வேப்பமரத்தடிக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். மனுதாரர் கோரியபடியே எல்லாம் செய்யப்பட்டிருந்தது. குளத்து நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சாயக்கழிவு என்பது பழைய வரம்பு. குளத்தில் இருந்ததோ முப்பத்தேழு. குளம் வரம்புக்கு உட்பட்டு இருக்க விரும்புவதால், வரம்பு உடனடியாக நாற்பதாக உயர்த்தப்படுகிறது. அதிகப்படியான மூன்று, குளத்தின் எதிர்கால வளர்ச்சிக்காக.

பத்துப்பேர் கைதட்டினார்கள். அறவாழி குளத்துக்குச் சால்வை போர்த்தினார். சால்வை கத்திரிப்பூ நிறமாகி மூழ்கிப்போனது. குளம் ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு குமிழி விட்டது. பிறகு எழுந்து வீட்டுக்குப் போகாமல், சென்னியப்பனின் பலகைக்கு எதிரே, முதல் நாள் உட்கார்ந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று முழுக்க அவரால் வேறு யாருக்கும் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

ஆனாலும் ஆசை யாரை விட்டது. உத்தரவு நகலை மடித்து வைத்துக்கொண்டு மறுநாளே அணைமேட்டுக்குப் பஸ் ஏறினார். நாச்சம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முத்திரை வரைக்கும் முழுக்கப் படித்தார். வாசற்படியில் மேகலா, வயிற்றில் ஒரு கையும் நிலைப்படியில் ஒரு கையுமாக, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கெவருமெண்டே சொல்லிட்டாங்களா சம்பந்தி, நாப்பது வரைக்கும் பரவால்லைன்னு?"

"ஆமாமுங்க. சீலெல்லாம் வச்சிருக்குதுங்க."

"செரிங்க. அப்ப நானொன்னு கேக்கறன், நீங்க சொல்லுங்க போதும், இப்பவே அனுப்பறேன். இந்த நாப்பதுல, பொறக்கப்போற உங்க பேரப்புள்ள வாயில எத்தனை ஊத்தலாமுங்க?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். நாற்பது என்ன, நாலு என்ன, பாதி என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் பாதி கேட்டு எழுதி வாங்கிக் கொடுத்தவர், சொந்தப் பேரக்குழந்தைக்கு என்று வந்தபோது, ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது, அதையேதான் குளமும் கேட்டது. "அழுவாத கண்ணு" என்று மகளுக்குச் சொன்னார். அழுதது அவர்தான். நாச்சம்மாள் ஒரு பை நிறைய முறுக்குக் கொடுத்தனுப்பினார்.

திரும்பி வந்தவர், பலகைக்கு எதிரே இருந்த குளத்திடம், "தப்புப் பண்ணிட்டனுங்க" என்றார். குளம் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு நிழலில் இடம் விட்டது.

புது வரம்பு வந்ததால், நாற்பத்தொரு பட்டறைகளும் கழிவு விடுவதற்குப் புதிதாக அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் புதுப் படிவம் வேண்டும். ஆபீசில் பிழையில்லாமல் ஒரு வாக்கியம் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. எந்தப் படிவமானாலும் டைப்பிஸ்ட் அம்மா வேப்பமரத்தடிக்குக் கொடுத்தனுப்பி, சென்னியப்பன் எழுதித் தந்ததைத்தான் டைப் அடிப்பார். இந்தத் தடவையும் வந்தது. அவர் வழக்கம்போல் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண் என்று பதின்மூன்று கட்டங்கள் போட்டார். பிறகு மைப்பேனாவை எடுத்து, பதினாலாவதாக ஒரு கட்டம் போட்டார்: "மேற்படி நீரைத் தினமும் பருகவிருக்கும், விண்ணப்பதாரரின் குடும்ப உறுப்பினர் பெயர், ரேஷன் கார்டு நகல் இணைக்கவும்." அதன் கீழே, ஏழைபாழைகளின் மனுக்களைக் கொல்வதற்கென்றே எல்லாப் படிவங்களிலும் இருக்கிற அந்த வரி: "ஏதேனும் ஒரு கட்டம் நிரப்பப்படாவிடில் விண்ணப்பம் பரிசீலிக்கப்படமாட்டாது." எழுதிய காகிதம் குளத்துக்கு எதிரேதான் இருந்தது. ஒரு எழுத்துகூடக் கரையவில்லை.

அறவாழி எல்லாப் படிவங்களையும் போல இதையும் அடியிலிருந்துதான் படித்தார், அதாவது கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும். போட்டார். படிவம் அச்சாகிவிட்டது.

தீர்த்தகிரிதான் முதலில் வந்தார். சென்னியப்பனின் பலகையிலேயே வைத்து, பதின்மூன்று கட்டங்களை விறுவிறுவென்று நிரப்பிவிட்டு, பதினாலில் நின்றார்.

"இதென்னய்யா இது?"

"தெரியலீங்களே. கெவருமெண்டு ஃபாரமுங்க" என்றார் சென்னியப்பன்.

தீர்த்தகிரி வாட்ச்மேன் பெயரை எழுதினார். வாட்ச்மேன் ரேஷன் கார்டில் இல்லை என்று திருப்பினார்கள். செத்துப்போன அப்பா பெயரை எழுதினார். தினமும் பருகுவதற்கு உயிர்ச்சான்று கேட்டார்கள். கடைசியில் துணிந்து, கூடவே இருக்கிற மாமியார் பெயரை எழுதினார். அடுத்த திங்கட்கிழமை அந்த அம்மாள் வரிசையில், நேராகக் குளத்துக்குப் பின்னால், மாப்பிள்ளை தன்னைக் கொல்லப் பார்க்கிறார் என்ற மனுவோடு நின்றார். அதையும் சென்னியப்பன்தான் எழுதிக் கொடுத்தார், பாதியாகக் குறைக்காமல். தீர்த்தகிரியின் மனைவி அன்றைக்கே தாயையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மற்ற நாற்பது பேரும் அதைப் பார்த்து, பதினாலாம் கட்டத்தைக் காலியாக விட்டு, பேனாவை மூடினார்கள். வரம்புக்குள் இருக்கிற தண்ணீர், சால்வை போர்த்திய தண்ணீர், அதைக் குடிக்க நாற்பத்தொரு குடும்பங்களில் ஒரு பெயர் கிடைக்கவில்லை.

அறவாழி அந்தக் கட்டத்தை நீக்கிவிடலாம் என்று உட்கார்ந்தார். நீக்கலாம், ஆனால் காரணம் எழுத வேண்டும். எழுதக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை எழுதினால் நாற்பது என்ற வரம்பை யார் போட்டது என்று கேட்பார்கள். நான்கு தடவை எழுதி நான்கு தடவை கிழித்தார். பிறகு மருத்துவ விடுப்பில் போனார், போகும்போது வேப்பமரத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

அனுமதி இல்லாததால் குழாய்களுக்குச் சீல் வைத்தார்கள். பட்டறைகள் நின்றன. வேலை போன சாயத் தொழிலாளிகள் சென்னியப்பனிடம் வந்து, நேருக்கு நேர், "எங்க சோத்துல மண்ணப் போட்டீங்களே" என்று கேட்டார்கள். அவர்களுக்கும் உட்கார்ந்து எழுதினார், சுத்திகரிக்கிற எந்திரம் வாங்க முதலாளிகளிடம் இல்லாத பணமா என்று, முழுசாக எழுதினார். மூன்று பட்டறைக்காரர்கள் எந்திரம் வைத்து, ஒரு சொட்டும் வெளியே விடாமல், படிவமே தேவையில்லாமல் ஓட்ட ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் சங்கக் கட்டிடத்தில் கூடிக் கூடி, பதினாலாம் கட்டத்தில் யார் பெயரை எழுதலாம் என்று பேசிப் பேசிக் கலைந்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை குளம் எழுந்தது. டீக்கடைக்காரரிடம், பென்ஷன் அம்மாளிடம், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மழையோடு மழையாக நடந்து மாதேரிக்குப் போய், லேக் வியூ கார்டன் கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் அடுக்கிவிட்டு, தன் இடத்தில் படுத்துக்கொண்டது. மனை வாங்கினவர்கள் மறுநாளே குளத்தின்மீது ஆக்கிரமிப்பு மனு எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். சென்னியப்பன் அன்றைக்கு மட்டும் பேனாவில் மை இல்லை என்று சொல்லிவிட்டார்.

மேகலாவுக்கு அதற்குள் அணைமேட்டிலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, மகிழினி என்று பெயர். மயிலாத்தாள் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு, மடித்த சேலைகளில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். குளம் வீடு திரும்பிய செய்தி கேட்டு நாச்சம்மாள் போன் செய்தார்.

"சம்பந்தி, அந்த ஃபாரம் ஒன்னு உங்ககிட்ட இருக்குமுங்களே. பதினாலாம் கட்டத்துல நம்ம பேத்தி பேரை எழுதுங்க. எழுதி முடிச்சீங்கன்னா, அன்னைக்கே தாயையும் புள்ளையையும் கொண்டாந்து உடறேன்."

சென்னியப்பன் அந்தத் திங்கட்கிழமையே படிவத்தோடு கரைக்குப் போனார். குளம் இன்னும் வெளிறிய ஊதாவில்தான் கிடந்தது. முப்பது வருடம் குடித்தது மூன்று மாதத்தில் இறங்கிவிடுமா. நாச்சம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டுபோகாமல் அணைமேட்டுப் படி ஏறக் கூசி, பேத்தியின் முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். எழுதிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள். பேனாவைத் திறந்து, கட்டத்தில் பேத்தியின் பெயரை எழுதினார். மை கரைந்து ஓடியது. காகிதம் சருகு மாதிரிக் காய்ந்துதான் இருந்தது; எழுத்து மட்டும் ஓடிப்போனது. பால்பாயிண்ட் பேனாவும் சட்டைப்பையில் இருந்தது, பிளாஸ்டிக் உறையும் இருந்தது. அவர் இரண்டையும் தொடவில்லை. "செரிங்க" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினார். பொய்ச் சான்று கொடுக்காத அதிகாரி ஜில்லாவில் அந்தக் குளம் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமையும் போனார். அதற்கடுத்ததும். மார்கழி போய், தை போய், பங்குனி வெயில் போனது. அணைமேட்டில் மகிழினி குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். ஒவ்வொன்றும் போனில்தான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் பெயர் ஓடிப்போனது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாக. ஆடிமாதம் முதல் திங்கட்கிழமை, தென்கரையில் இரண்டு நாரைகள் சந்தேகத்தோடு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தபோது, சென்னியப்பன் "ம" என்று எழுதிவிட்டுக் காத்திருந்தார். காற்றடித்தது. எழுத்து அசையவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. அடுத்த எழுத்து வழக்கம்போல் கரைந்து போயிற்று.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஆபீஸ் வாசலில் ஜனங்களிடம் இருபத்திரண்டு வருடமாக ஆபீஸ்காரர்கள் எரிச்சலாகச் சொல்லக் கேட்ட அந்த வார்த்தையை, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷமாகச் சொன்னார்:

"அவசரமில்லீங்க. அடுத்த திங்கக்கெழமை வாரனுங்க."